செல்லத்தாயின் காலடியில் இருந்த அட்டை

எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் ஹரி, செல்லத்தாய் நின்றுகொண்டிருந்த ஈர அட்டையை இரண்டு கைகளாலும் பிடித்து இழுத்தார். செல்லத்தாய் பின்பக்கமாகக் கருங்கல்லின் மேல் விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. பத்தொன்பது நாள் மெடிக்கல் காலேஜில் கிடந்து செத்தார். நடந்தது இதுதான். 'கழிவில் கால் வழுக்கி விழுந்தார்' என்று போலீஸ் ஸ்டேஷனில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது பொய். ஈர அட்டையின் மேல் மூன்று வருஷம் நடந்த கால் அது. ஒரு நாளும் வழுக்கியதில்லை.

செய்தி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். பழவங்காடிக் கடையிலிருந்து தூக்கி வந்த ஃப்ரிட்ஜ் பெட்டி ஒன்றைப் பிரித்து, அதில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் நாடாவைக் கத்தியால் உரித்துக்கொண்டிருந்தேன். கழக்கூட்டத்தில் ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருக்கும் அவர் மகன் முருகன் கூப்பிட்டான். "சாமி, அம்மா போயிட்டா. ஆம்புலன்ஸுக்குப் பறஞ்சிருக்கேன், வரும்" என்றான். அவ்வளவுதான். நான் போனைக் கீழே வைத்துவிட்டு மிச்ச நாடாவையும் உரித்து முடித்தேன். பாதி உரித்த அட்டையை விட்டுவிட்டு எழுந்திருக்க அவர் ஒரு நாளும் விட்டதில்லை. உரித்து முடித்த பிறகு, அந்த அட்டையைக் கத்தியால் குத்தினேன். கைப்பிடி கழன்று வரும்வரை குத்தினேன்.

சங்கத்தின் ஆண்டு மலரில் அஞ்சலிப் பக்கம் ஒன்று உண்டு. அதில் நாலு வரி போடலாம், 'மண்டபத் துப்புரவுப் பணியாளர்' என்று போட்டால் போதும் என்றார்கள். எழுதிக் கொடுத்திருந்த என் தாளைத் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். ஆகவே இது தனியாக அச்சாகி உங்கள் கைக்கு வருகிறது. கல்யாண மண்டபத்தில் அவரோடு பந்தி இலை எடுத்தவர்களுக்கும், அவர் வளர்த்த பூவைப் பறித்துப் போன எங்கள் தெருக்காரர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாற்பது வருஷம் வயர்மேன் வேலை பார்த்தேன். வயரிங் வேலையும் எழுத்தும் எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பிழை இருந்தால் இருக்கட்டும். பொய் இருக்காது.

எங்கள் தெருவுக்குப் பின்னால், இடிந்த மடத்துக்குச் சொந்தமான ஏழு சென்ட் நிலம் சங்கத்தின் பொறுப்பில் இருக்கிறது. அதன் மறுபக்கத்து மதில் கல்யாண மண்டபத்துடையது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அந்த நிலத்தில் பூச்செடி வைக்கிறேன் என்று சங்கத்தில் கேட்டு வாங்கினேன். அப்போது அங்கே தொட்டாவாடி என்கிற தொட்டாற்சிணுங்கியும் கோரையும் இடுப்பு உயரப் புதரும். அணலி என்கிற விரியன் பாம்பு இரண்டு இருந்தது. தெரு நாய் ஒன்று அதில் ஒன்றிடம் கடி வாங்கி, முகம் வீங்கி, என் கண் முன்னால் செத்தது. நான் வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கினேன். மூன்று வருஷம் வெட்டினேன். கை இரண்டும் முள் கிழித்துச் சீழ் வைத்தது. ஒவ்வொரு எடவப்பாதிப் பருவமழைக்கும் வெட்டிய இடத்தில் இரண்டு மடங்காக முளைத்தது. கடைசியில் வெறி பிடித்து, செத்த புதரையே திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்தேன்.

மதிலுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. எச்சில் இலைக் கூடையை மதிலின்மேல் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் சிரித்தார்.

"சாமி, யாரை வெட்டிக் கொல்லுதீக? அதுதான் செத்துப் போச்சே."

உன் வேலையைப் பார் என்றேன். "என் வேலைய முடிச்சிட்டுத்தான் வேடிக்க பாக்கேன்" என்றார். பிறகு சொன்னார்: "களையப் பிடுங்குனா கோவிச்சுக்கிட்டுப் பத்தா வரும் சாமி. மூச்ச அடைங்க. வெளிச்சம் காட்டாதீக. தானாச் சாவும்."

இப்படித்தான் அறிமுகம். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்து, புருஷன் சாரத்திலிருந்து விழுந்து செத்த பிறகு மண்டபத்தில் இலை எடுக்கச் சேர்ந்தவர். வயது என்னைவிடப் பதின்மூன்று குறைவு. நான் கடைசிவரை அவரை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போதுதான் 'அவர்' வருகிறது. அது என் குற்றம். அதையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மூச்சை அடைப்பது என்றால் என்ன என்று பிறகு காட்டினார். புல்லை வேரோடு எடுக்கக் கூடாது. மிதித்துச் சாய்த்துவிட்டு அதன் மேலேயே அட்டை. அட்டை ஒன்றின்மேல் ஒன்று ஒரு சாண் ஏற வேண்டும். நாடாவும் கம்பி ஊசியும் ஒன்றுகூட இருக்கக் கூடாது. குடம் குடமாகத் தண்ணீர் விட்டு அட்டை துணி மாதிரி தொய்ந்த பிறகு, அதன்மேல் சாணிக் கரைசல், வாழையிலை, சருகு, கடைசியில் தொண்டு என்கிற தேங்காய் மட்டை. கீழே புல் இருட்டில் அழுகும். அந்த அழுகலைத் தின்ன மண்புழு வரும். அட்டையும் ஒரு வருஷத்தில் மண்ணாகிவிடும்.

நான் இதை ஒத்துக்கொள்ளவில்லை. செல்போனில் பார்த்திருந்தேன், எனக்கு என் வழி இருந்தது. அவர் வராத ஒரு நாளில் பாதி நிலத்தில் காய்ந்த அட்டையை விளிம்போடு விளிம்பு ஒட்டிப் பரப்பிவிட்டேன். நனைக்கவில்லை. இருபது நாளில் ஒவ்வொரு இடுக்கிலும் கோரை ஊசி ஊசியாகக் கிளம்பி நின்றது. அவர் பார்த்தார். தூம்பா என்கிற மண்வெட்டியை எடுத்து என் அட்டையையெல்லாம் கிளறி எறிந்தார். நான் தடுத்தேன். வாழையிலைத் தண்டால் என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தார். எழுபது வயதில், என் தெருவுக்குப் பின்னால், ஒரு பெண்பிள்ளையிடம் அடி வாங்கினேன். நான் கத்தினேன், அவரும் கத்தினார். மண்டபத்துச் சமையல்காரர்கள் மதிலேறிப் பார்த்தார்கள். மறுநாள் குடத்தோடு போய் நின்றேன். "வலிக்குதா?" என்றார். இல்லை என்றேன். "அப்போ தண்ணியச் சொமங்க" என்றார்.

முதல் மழையில் நத்தை வந்தது. உள்ளங்கை அகலம் வரும் ஆப்பிரிக்க நத்தை. ஈர அட்டைக்கு அடியில் நூறு நூறாக. இதைச் சாக்காக வைத்துச் சங்கத்தில் அப்போதே புகார் எழுந்தது. அவர் ஈரச் சாக்கை விரித்து, அடியில் பப்பாளித் தழையைப் போட்டு வைப்பார். காலையில் சாக்கை எடுத்தால் அடியில் கூட்டமாக இருக்கும். கையில் பாலிதீன் பையைச் சுற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கி உப்புத் தண்ணீரில் போடுவார். நுரை பொங்கும். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. நான் செத்தி என்கிற இட்லிப்பூச் செடிக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். எங்கள் வீட்டில் கொசுவைக்கூட விரட்டுவோமே தவிர அடிக்க மாட்டோம் என்று சொன்னேன். அவர் வாளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொல்லாம வெளைஞ்சது எதுன்னு ஒண்ணு காட்டுங்க சாமி. நான் இதை விட்டுடுதேன்" என்றார்.

நத்தை பொறுக்குவது கடைசிவரை அவர் வேலையாகவே இருந்தது. அவர் கொன்றார். நான் பூப் பறித்தேன்.

இனி இலை விஷயம். மண்டபத்தில் பந்தி முடிந்ததும் அவர்தான் இலையை மடித்து எடுப்பார். மிச்சச் சோறும் ஊறுகாயும் ஒரு வாளிக்குப் போகும். இலையைக் குழாயடியில் ஒரு தரம் அலசிக் கூடையில் போட்டு மதில் வழியாக இந்தப் பக்கம் தள்ளுவார். அந்த இலைதான் எங்கள் தோட்டத்தின் நடு அடுக்கு. அட்டையும் சாணியும் பாதி வேலைதான் செய்தன. மண்ணைக் கறுக்க வைத்தது இலை. இதை அவர் முதல் நாளே என்னிடம் சொல்லிவிட்டார்: "எலை வெசயம் நம்மளோட இருக்கட்டும் சாமி. ஒங்க ஆளுகளுக்கு வயிறு பெரட்டும்." சரி என்றேன். வாக்குக் கொடுத்தேன்.

இரண்டாம் வருஷம் செத்தியும் நந்தியாவட்டையும் அரளியும் துளசியும் அங்கே பூத்த பூப்பை இந்தத் தெரு பார்த்ததில்லை. காலையில் குடலையோடு வரிசை நிற்கும். ஒருவரும் மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்ததில்லை. மூன்றாம் வருஷம் சங்கத்துக் கூட்டத்தில் எனக்குப் பொன்னாடை போடுவதாக ஹரி அறிவித்தார். கிட்டு மாமா தனி ஆளாக நின்று காட்டைத் தோட்டமாக்கினார் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். தனி ஆள் என்ற அந்த வார்த்தையை என்னால் பொறுக்க முடியவில்லை. எழுந்து, பொன்னாடையைச் செல்லத்தாய்க்குப் போடுங்கள் என்றேன்.

"மண்டபத்துல எலை எடுக்கறவளுக்கா? எதுக்காக்கும்?" என்று ஹரி சிரித்தார்.

எதுக்கு என்று சொன்னேன். அட்டை, சாணி, சருகு, தொண்டு என்று அடுக்கடுக்காகச் சொன்னேன். நடுவில் இருப்பது கல்யாணப் பந்தியின் எச்சில் இலை என்றும் சொன்னேன். முன்வரிசையில் ஒரு மாமி மெதுவாக, "அந்தச் செத்தியத்தானே வெள்ளிக்கிழமை அம்பாளுக்குச் சாத்தினேன்" என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஹரியின் முகம் சிவந்தது. "கிட்டு மாமா, ரெண்டு வருஷமா பகவானுக்கு எச்சலையா போட்டேள்?"

"பகவானுக்கு நான் எதுவும் போடலை. செடிக்குப் போட்டோம். செடி குடுத்ததை நீங்க பகவானுக்குப் போட்டேள்" என்றேன்.

என் சொந்த மைத்துனன் எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தான். மூக்குக் கண்ணாடி உடைந்தது. கீழே விழுந்த பொன்னாடையை யாரோ மிதித்துக்கொண்டு போனார்கள். இரண்டு பேர் என் சட்டையைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினார்கள். இவர்கள் எல்லோரும் என்னோடு ஆவணி அவிட்டத்துக்கு ஒரே வரிசையில் உட்கார்ந்தவர்கள்.

மறுநாள் காலை ஹரி நாலு கூலியாட்களோடும், களைக்கொல்லி மருந்து நிறைந்த தெளிப்பானோடும் தோட்டத்துக்கு வந்தார். மண்ணை ஒரு முழம் வெட்டி லாரியில் ஏற்றிவிட்டு, மருந்தடித்து, சிமென்ட் ஓடு பதித்துவிடப் போவதாகச் சொன்னார். நான் செல்லத்தாயைப் போனில் கூப்பிட்டேன். கூப்பிட்டது நான்தான். அவர் மண்டபத்திலிருந்து ஈரக்கையோடு வந்தார். நடந்ததை ஒரு வரியில் சொன்னேன். என் முகத்தைப் பார்த்தார். கன்னம் வீங்கியிருந்ததைப் பார்த்தார். நேரே போய், முந்தின நாள் நாங்கள் புதிதாக விரித்து நனைத்திருந்த அட்டையின்மேல் ஏறி நின்றார்.

கூலியாட்களில் இருவர் சங்கரன்கோவில்காரர்கள். அவருக்குத் தெரிந்தவர்கள். "அக்கா, எறங்குங்க. நாங்க கூலிக்கு வந்தவுக" என்றான் ஒருவன்.

"வெட்டுடா" என்றார் செல்லத்தாய். "மொதல்ல என் காலை வெட்டு. மண்ணு அதுக்குக் கீழதான் இருக்கு."

அவன் தூம்பாவைக் கீழே வைத்தான். மற்ற மூன்று பேரும் வைத்தார்கள். நாலு பேரும் ஒதுங்கி நின்று பீடி பற்ற வைத்தார்கள். தெருக்காரர்கள் ஜன்னல்களில் நின்று பார்த்தார்கள். யாரோ ஒரு ஜன்னலில் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைத்தான் ஹரியால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். அட்டையின் நுனியை இரண்டு கையாலும் பிடித்தார். "எறங்கு மூதேவி" என்று சொல்லிக்கொண்டே இழுத்தார்.

செல்லத்தாய் வரப்புக்கு வைத்திருந்த கருங்கல்லில் விழுந்தார். தேங்காய் உடைகிற சத்தம் கேட்டது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டார். பல் உதட்டுக்குள் இறங்கி ரத்தம் மோவாயில் வழிந்தது. ஹரி கையில் அட்டையோடு நின்றார். போலீஸ் வந்தபோது மலையாளத்தில் சொன்னார்: "ஞான் அட்டையாணு வலிச்சது. அவளெ தொட்டிட்டில்ல." அட்டையைத்தான் இழுத்தேன், அவளைத் தொடவில்லை. உண்மைதான். தொடவில்லை. தொட மாட்டார்.

போலீஸ் வருவதற்கு முன்னால் நான் தூம்பாவின் கைப்பிடியால் ஹரியின் தோளில் அடித்தேன். காறை எலும்பு முறிந்தது. என்மேல் கேஸ் இருக்கிறது. அடித்ததை ஸ்டேஷனிலும் ஒப்புக்கொண்டேன், இங்கேயும் ஒப்புக்கொள்கிறேன். எத்தனை முறை கேட்டாலும் வருத்தம் தெரிவிக்க மாட்டேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் செல்லத்தாய் என்னோடு பேசவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். நாலாம் நாள் பேசினார். உதட்டுத் தையலுக்கு வலிக்காமல் வாயை ஒரு பக்கமாக வைத்துக்கொண்டு பேசினார்.

"எலை வெசயத்தச் சொல்லாதீகன்னு சொன்னேன்ல்ல."

"உண்மையைத்தானே சொன்னேன்" என்றேன்.

"உண்மைதான். ஒங்களுக்கு வேணும்னு சொன்னீக. எனக்குப் பொன்னாட வேணும்னு நான் கேட்டேனா?"

அவரிடம் கொடுத்த வாக்கை நான் உடைத்தேன். அவருக்குப் பெருமை சேர்ப்பதாக நினைத்துக்கொண்டு என் நேர்மையைக் கூட்டத்தில் காட்டினேன். ஆனாலும் சொன்னது தப்பு என்று எழுத மாட்டேன். அப்படி எழுதினால் ஹரி செய்தது பாதி நியாயமாகிவிடும். வாக்கை உடைத்தது தப்பு. சொன்னது தப்பில்லை. இரண்டையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. படித்தவர்கள் யாராவது சொல்லட்டும்.

அதன் பிறகு நெஞ்சில் சளி கட்டியது. பதினேழாம் நாள் கொஞ்சம் தெளிந்திருந்தார். "மண்ணு தொறந்து கெடக்கா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "கோரை வந்துரும். மூடிப் போடுங்க" என்றார். என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மூடிப் போடச் சொன்னார்.

அவருடையது என்று என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது. மூன்று வருஷமாக அட்டைகளில் உரித்த நாடாவையெல்லாம் அவர் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி உருட்டி வைத்தார். மண்ணில் ஒரு துண்டும் போய்விடக் கூடாது என்பதற்காக. உரித்த கம்பி ஊசிகளும் அதற்குள்ளேயே இருக்கின்றன. இப்போது ஒரு பெரிய பப்ளிமாஸ் அளவு உருண்டை. அழுத்திப் பிடித்தால் கையில் குத்தும். என் மேஜையில் இருக்கிறது. இதை எழுதும்போதும் இடது கையால் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இனி நடக்க வேண்டியவை.

ஹரி ஸ்டேஷனுக்குப் போய், அன்று போலீஸிடம் பாதி சொன்னதை முழுதாக, அவள் நின்ற அட்டையை நான் இழுத்தேன், அதனால் விழுந்தாள், என்று தன் வாயால் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதும் கை சரியாகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். இன்ஸ்பெக்டர் 'கால் வழுக்கி' என்ற வரியை அடித்து மாற்ற வேண்டும். தூம்பாவைக் கீழே வைத்த நாலு பேரும் எந்தச் சைட்டில் வேலை பார்த்தாலும் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அன்று வெட்டாமல் நின்றீர்கள். பாதி வழியில் நிற்காதீர்கள். ஜன்னலில் நின்று பார்த்த பதினொரு வீட்டுக்காரர்களும் வர வேண்டும். யார் யார் என்று எனக்குத் தெரியும். சிரித்தவர் முதலில் வர வேண்டும். அம்பாளுக்குச் செத்தி சாத்திய மாமி, அந்தப் பூவால் அம்பாளுக்கு என்ன ஆயிற்று என்று அம்பாளிடமே கேட்டுவிட்டு வந்து எனக்குச் சொல்ல வேண்டும். என் மைத்துனன் எதுவும் செய்ய வேண்டாம். என் வீட்டுப் படி ஏறாமல் இருந்தால் போதும். முருகன், நீ சங்கத்து ஆட்கள் கேஸ் வேண்டாம் என்று நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதே.

மிச்சம் என்னுடையது. அவர் விழுந்த இடம் இன்னும் திறந்து கிடக்கிறது. சொன்னபடியே கோரை வந்துவிட்டது. அந்த இடத்தில் முதல் அட்டை விழ வேண்டும். நாடா இல்லாமல், ஒரு சாண் ஏற, தொய்யும்வரை நனைத்து. நத்தையை இனி என் கையால் உப்பில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் எங்கள் தெருப் பெண்ணுக்குக் கல்யாணம். தெருவே பந்தியில் உட்காரும். இலை எடுக்க ஆள் இல்லை என்று மேனேஜர் சொன்னார். நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீங்கள் எல்லோரும் சாப்பிட்டு முடித்து எழுந்திருங்கள். இலையை மடித்து வையுங்கள். எடுக்க வேண்டியவன் நான்.